பேரிக்காய் அரசரும் பாரதியின் முண்டாசும்: புகைப்படம் கோட்டுப்படமான கதை



2025 மார்ச் மாதத்திலிருந்து நம் குழுக்களில் யாருடைய முகமும் சொந்த முகமாக இல்லை. கல்யாணப் படம், காது குத்துப் படம், கடற்கரைச் சாலையில் எடுத்த செல்ஃபி எல்லாமே 'கிப்லி' பாணிக் கார்ட்டூனாக மாறி வந்துகொண்டே இருந்தன. பலர் என்னிடம் "எந்த ஆப் சார்?" என்று கேட்டீர்கள். ஒரே ஒருவர் மட்டும், "சார், இதெல்லாம் உங்கள் வரலாற்றுப் பாடத்தில் வருமா?" என்று கேட்டார். வரும் தம்பி. நம் புதுச்சேரியையும் தொட்டுக்கொண்டே வரும். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எண்ணற்ற சாயல்கள் உண்டு. கோட்டுப்படத்தில் இரண்டுதான்: மை இருக்கும், அல்லது இருக்காது. ஆகவே புகைப்படத்தைக் கோட்டுப்படமாக மாற்றுகிற எவரும், அது மனிதனோ கணினியோ, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? இந்த வரலாறு முழுக்க அந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

பாரிஸிலிருந்து தொடங்குகிறேன். 1830இல் லூயி பிலிப் பிரான்சின் அரசரானார். அதே ஆண்டு ஷார்ல் பிலிப்போன் என்பவர் 'லா கரிகாத்யூர்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அரசரைக் கேலி செய்ததாக அவர்மேல் வழக்கு வந்தது. 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் அவர் ஒரு வேலை செய்தார். காகிதத்தில் நான்கு படங்கள் வரைந்தார். முதல் படத்தில் அரசரின் முகம் அப்படியே இருந்தது. இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்கியது. மூன்றாவதில் இன்னும் தொங்கியது. நான்காவது வெறும் பேரிக்காய். "முதல் படத்துக்குத் தண்டனை என்றால் இரண்டாவதுக்கும் கொடுக்க வேண்டும். இப்படியே போனால் பேரிக்காய்க்கும் தண்டனை கொடுப்பீர்களா?" என்பது அவர் வாதத்தின் சாரம். தண்டனை என்னவோ கிடைத்தது. ஆனால் அதன் பிறகு பாரிஸ் சுவர்களில் யார் பேரிக்காய் வரைந்தாலும் அது அரசரைத்தான் குறித்தது.

இது ஏன் முக்கியம்? ஒரு முகத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு வளைகோட்டை வைத்துக்கொண்டால்கூட ஆளை அடையாளம் காட்டலாம் என்று அவர் அன்று நிரூபித்துவிட்டார். அந்தக் கோட்டுக்கு அரசாங்கமே பயந்தது. பிலிப்போனின் ஓவியர் ஒனோரே தோமியே 1832இல் அரசரை இராட்சதனாக வரைந்ததற்காகச் சிறை சென்றார். 1835இல் அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தணிக்கையே வந்தது. எழுத்தைவிடப் படம் ஆபத்தானது என்று நினைத்தார்கள். எழுத்துத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துச் சிரிப்பான் அல்லவா?

1839இல் தாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாரிஸில் ஒரு கேலிச்சித்திரக்காரர் அந்தப் புதுக் கருவியைத் தன் தொழிலுக்குப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் பெலிக்ஸ் தூர்னஷோன். ஊர் அவரை 'நதார்' என்றே அழைத்தது. நாட்டின் எழுத்தாளர்களையெல்லாம் ஒரே ஊர்வலமாக வரைந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1854இல் வெளியான அந்தப் பெரிய தாளில் 200க்கும் மேற்பட்ட தலைகள் இருந்தன. அத்தனை பேரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து முகம் காட்டுவார்களா? அதனால் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து வரையத் தொடங்கினார். பிற்பாடு வரலாறு அவரைப் பெரும் புகைப்படக் கலைஞராக நினைவு வைத்துக்கொண்டது. நீங்கள் இன்று செல்பேசியில் செய்கிற வேலையை, அதாவது புகைப்படத்தைக் கேலிச்சித்திரமாக மாற்றுவதை, ஒரு தொழில்முறையாகவே செய்த முன்னோடிகளில் ஒருவர் அவர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1881 ஜூலை 29 அன்று பிரான்சில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. எழுத்துக்கும் படத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டிய நிலை போனது. அந்தச் சட்டம் பிரான்சின் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பேரிக்காய் வழக்கு நடந்து அரை நூற்றாண்டு கழித்து அங்கே கிடைத்த சுதந்திரத்தின் ஒரு துண்டு, கடல் தாண்டி இங்கேயும் வந்து சேர்ந்தது.

சென்னையில் 1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் சுப்பிரமணிய பாரதி. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி என்ற பெருமை பாரதிக்கு உண்டு. கருத்து பாரதியுடையது. வரைந்தது ஓவியரின் கை. படத்தோடு விளக்கமும் எழுதப்பட்டது. 1908இல் ஆங்கில அரசு இதழின் மேல் பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதானார். பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' நம் ஊரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைய முடியாமல் போனதால் 1910 மார்ச் மாதத்தோடு அது நின்றது. முழுக்கக் கருத்துப்படங்களுக்காகவே 'சித்ராவளி' என்று ஓர் இதழ் நடத்தவும் பாரதி திட்டமிட்டார். அது வெளிவரவே இல்லை. அந்தக் காலத்து 'இந்தியா' படங்களை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். கிடைத்தால் பாருங்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டுக்கு உங்களில் பலரை நானே வரிசையில் நிறுத்திக் கூட்டிப்போயிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது இந்தப் படங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் சார் வரைய வேண்டும்? புகைப்படத்தையே அச்சடித்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டும், அல்லது ஒட்டாது. அவ்வளவுதான். புகைப்படத்தை அச்சிட வேண்டுமென்றால் அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். பெரிய புள்ளி நெருங்கி இருந்தால் கண்ணுக்குக் கறுப்பு. சிறிய புள்ளி விலகி இருந்தால் சாம்பல். இதற்கு 'ஹாஃப்டோன்' என்று பெயர். 1882இல் ஜெர்மனியில் கியோர்க் மைசன்பாக் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இதில் உலகமே கவனிக்கும்படி ஆராய்ச்சி செய்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தாத்தா. ஆனால் நல்ல ஹாஃப்டோனுக்கு நல்ல தாளும் செலவும் வேண்டும். கோட்டுப்படத்துக்கு மலிவான தாளே போதும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் பள்ளி ஆண்டு மலர் தயாரித்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக் எடுக்கக் கூடுதல் பணம் வேண்டும். சாதாரணத் தாளில் அடித்தால் முகமெல்லாம் கரி பூசியதுபோல் வரும். அதனால் எங்கள் ஓவிய ஆசிரியர் புகைப்படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, பென்சிலால் முகத்தை எடுத்து, பிறகு இந்தியன் இங்க்கால் கோடு போடுவார். அதைக் கொண்டு லைன் பிளாக் எடுப்போம். அவர் கோடு போடுவதற்கு முன் சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "எதை விடலாம்னு பார்க்கிறேன்" என்றார். மென்பொருள் என்ற சொல்லே எங்கள் காதில் விழாத காலம் அது.

அந்த விடுதலும் வைத்தலும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பாரதியின் முகமே சாட்சி. அவருக்கு இருப்பவை சில புகைப்படங்கள்தான். புதுச்சேரியில் செல்லம்மாளோடும் குடும்பத்தோடும் எடுத்தவை, காரைக்குடியில் எடுத்தவை, பிறகு சென்னையில் எடுத்தது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் தமிழ்நாடு முழுக்கச் சுவரிலும் புத்தக அட்டையிலும் நாம் பார்க்கிற பாரதி பெரும்பாலும் ஓவியப் பாரதிதான். அந்த முகத்தை நம் மனதில் பதித்தவர்களில் முதன்மையானவர் 'ஆர்யா' என்ற பாஷ்யம். 1932 ஜனவரியில் சென்னைக் கோட்டைக் கொடிக்கம்பத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றிய அதே விடுதலைப் போராட்ட வீரர்தான். முண்டாசு, கூர்ந்த கண், முறுக்கு மீசை. மற்றதெல்லாம் காலப்போக்கில் பின்னுக்குப் போய்விட்டது.

வகுப்பில் நான் இதைச் சோதித்திருக்கிறேன். கரும்பலகையில் முண்டாசுக்கு ஒரு வளைவு, இரண்டு புருவம், கீழே ஒரு மீசை போடுவேன். எனக்கு ஓவியம் வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் மீசை முடியும் முன்பே "பாரதியார்!" என்று வகுப்பே கத்தும். மூக்கு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. எந்தக் குழந்தையும் வரையக்கூடிய முகமாக அவர் ஆனது லாபம். நாற்பது வயதைக்கூட எட்டாமல் 1921இல் மறைந்த ஒரு மனிதரின் களைப்பும் மெலிவும் புகைப்படங்களில் இருக்கின்றன. கோட்டுப்படத்தில் அவை இல்லை. கோபக்கார மீசை மட்டும் மிஞ்சியது. பாரதியை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர் ஓவியத்தோடு நின்றுவிடக் கூடாது. புகைப்படத்துக்கும் போக வேண்டும்.

உலகத்திலும் இதே கதைதான். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் டி-ஷர்ட்டில் தொங்குகிற சே குவேராவை எல்லோருக்கும் தெரியும். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த புகைப்படம் அது. 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை இரண்டு மூன்று நிறத்துக்குள் சுருக்கி வரைந்தார். அந்தக் கோட்டு வடிவம்தான் உலகம் சுற்றியது. 2008இல் ஒபாமாவின் 'நம்பிக்கை' சுவரொட்டியை ஷெப்பர்ட் ஃபேரி வரைந்தார். அது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட புகைப்படத்தை வைத்து வரையப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போய் 2011இல் சமரசமானது. ஆகவே பிறர் எடுத்த படத்தைக் கார்ட்டூனாக்கிவிட்டால் அது உங்களுடையதாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மென்பொருளுக்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் படத்தைத் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். 1996இல் அதை வெளியிட்டார்கள். அதுதான் 'கிம்ப்'. இலவசம் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். அதில் ஃபில்டர்ஸ் பட்டியலில் ஆர்ட்டிஸ்டிக் என்பதற்குள் 'கார்ட்டூன்' என்றே ஒரு வசதி இருக்கிறது.

அது என்ன செய்கிறது தெரியுமா? படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடுகிறது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்த புள்ளியாக இருந்தால் இன்னும் கறுப்பாக்குகிறது. அவ்வளவுதான். புருவமும் கண் இமையும் உதட்டுக் கோடும் சுற்றுத் தோலைவிடக் கறுப்பு என்பதால் அவை கோடாகின்றன. பிறகு 'போஸ்டரைஸ்' கொடுத்தால் சாயல்கள் நான்கைந்தாகக் குறையும். 'த்ரெஷோல்ட்' கொடுத்தால் வெறும் கறுப்பு வெள்ளையாகிவிடும். எங்கள் ஓவிய ஆசிரியர் ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை அரை நிமிடத்தில் முடிகிறது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறிது நேரம் மட்டும் இதில் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய படம். பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் மாணவி ஒருவர், தன் ஆயாவின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். அஞ்சலட்டை அளவு ஸ்டுடியோ படம். ஆயாவுக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். குடும்ப ஒன்றுகூடலுக்கான அழைப்பில் போட அதைக் கோட்டுப்படமாக்கித் தர முடியுமா என்று கேட்டார். கிம்பில் திறந்தேன். கார்ட்டூன், பிறகு த்ரெஷோல்ட். திரையில் வந்த முகத்தைப் பார்த்தேன். கன்னத்தின் குறுக்கே தடித்த கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. ஆயாவின் மூக்குத்தியைக் காணோம்.

காரணம் எளிது. படம் ஒரு காலத்தில் இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. மென்பொருளுக்கு அதுவும் புருவமும் ஒன்றுதான். மூக்குத்தியோ ஒளியில் மின்னிய வெள்ளைப் புள்ளி. கறுப்பைத் தேடுகிற கணக்குக்கு அது கண்ணில் படவே இல்லை.

மாணவியின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். "அம்மான்னா எனக்கு அந்த மூக்குத்திதாங்க சார்" என்றார். "மடிப்பை எடுத்துடலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அதை மடிச்சது அப்பாங்க. சொல்தாவா இந்தோசீனாவுக்குப் போனப்போ பர்ஸுல வச்சு எடுத்துட்டுப் போனாரு. வரையறதுல மடிப்பு வேணாம். ஆனா அந்தப் படத்துல கைவைக்காதீங்க."

எத்தனை புத்தகம் படித்தாலும் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து நம் ஊரிலிருந்து போன ஒரு மனிதன், மனைவியின் முகத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடல் கடந்திருக்கிறான். அந்தச் செய்தி அந்த மடிப்பில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அடையாளம் ஒரு வெள்ளைப் புள்ளியில் இருக்கிறது. மடிப்பு யாருக்கு வேண்டும், மூக்குத்தி யாருக்கு வேண்டும் என்று எந்த ஃபில்டருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு நான் செய்தது இதுதான். ஸ்கேனை நகல் எடுத்துக்கொண்டேன். நகலில் மட்டும் 'ஹீல்' கருவியால் மடிப்பைத் துடைத்தேன். மேலே காலியான ஒரு அடுக்கை வைத்தேன். நம் டிரேசிங் பேப்பர்தான் அது. ஃபில்டர் கொடுத்த கோடுகளைக் கீழே மங்கலாக வைத்துக்கொண்டு, வேண்டிய கோட்டை மட்டும் மவுஸால் மேலே வரைந்தேன். மூக்குத்திக்கு ஒரு சின்ன வட்டம் போட்டேன். மூன்று இரவுகள் ஆயின. முதல் பார்வையிலேயே மகள் அடையாளம் கண்டுகொண்டார். அது போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை உங்கள் படத்தின் கோடுகளை எடுத்துக் கொடுப்பதில்லை. படத்தைப் பார்த்துப் புதிதாக ஒரு முகத்தை வரைந்துகொடுக்கின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்கள் ஆயாவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படமும் உங்கள் கணினியை விட்டு வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. கிம்ப் போன்றவற்றில் வேலை உங்கள் மேசையிலேயே நடக்கிறது. விளையாட்டுக்கு எதுவும் சரி. வீட்டின் ஒரே படத்தை மட்டும் யோசித்துக் கொடுங்கள்.

பிள்ளைகளே, கார்ட்டூன் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பிலிப்போனும் நதாரும் பாரதியும் செய்ததைச் செய்யாதே என்று சொல்ல நான் யார்? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சில வேலைகளை முதலில் முடியுங்கள்.

பழைய படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், செல்பேசியை நேராகப் பிடித்து எடுங்கள். அந்தக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். நகலில் மட்டும் விளையாடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை அசல் என்று நினைக்காதீர்கள். அது சுருக்கப்பட்டது.

ஃபில்டர் போடும் முன், அந்த முகத்தை நேரில் பார்த்த ஒருவரிடம் கேளுங்கள்: "இவரிடம் உங்களுக்கு முதலில் நினைவு வருவது எது?" மச்சமோ, தெற்றுப்பல்லோ, காதோரத்து வெள்ளை முடியோ, அவர் சொல்வதை விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் படங்களை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். பெரியவர்களை உட்காரவைத்து யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். கிம்ப் நிறுவுவதில் சந்தேகம் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
புதுச்சேரி